பிங் கட்டளைக்கும் கேட் பாஸ் வேண்டும்!

லினக்ஸில் பைல் பெர்மிஷனும் கேப்பபிலிட்டியும்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். கன்டெய்னர் லாரி வைத்திருக்கும் சிலருக்கு வாடகை பில், டீசல் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அவருடைய கம்ப்யூட்டரோ விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுத்தது. தெரிந்த கடைக்காரர் ஒருவர் டெபியன் லினக்ஸ் 12-ஐப் போட்டுக் கொடுத்தார். சில வாரம் கழித்து, பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று எஸ்எஸ்டி வாங்கி, அதில் எல்லாவற்றையும் காப்பி செய்தும் தந்தார். கம்ப்யூட்டர் பறந்தது.

ஒரு மாதக் கடைசி. பில்களை மெயிலில் அனுப்ப வேண்டிய நாள். எந்த வெப் பக்கமும் திறக்கவில்லை. ரூட்டரில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் இருந்த பெண், "சார், ஒரு பிங் போட்டுப் பார்த்து என்ன வருதுன்னு சொல்லுங்க" என்றார். அண்ணன் டெர்மினலைத் திறந்து பிங் கட்டளையைத் தட்டினார். திரையில் வந்த பதில்: "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்".

சொந்தக் கம்ப்யூட்டர். சொந்தக் காசு. ஆனால் "உனக்கு அனுமதி இல்லை" என்கிறது!

இன்னொரு நண்பருக்குப் போன் போட்டார். "பெர்மிஷன் பிரச்சினைதானே? எல்லாத்துக்கும் 777 போட்டுடு, சரியாயிடும்" என்றார் நண்பர். போட்டார். பிங் சரியாகவில்லை. அதோடு, சூடோ என்ற கட்டளையும் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு புரோகிராமை நிறுவவோ, ஒரு செட்டிங்கை மாற்றவோ அவரால் முடியவில்லை. மாதக் கணக்கு முழுவதும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பேக்கப் கிடையாது.

இது அவருக்கு மட்டும் வரும் பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டில் லினக்ஸ் புதிதும் அல்ல. எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியிலேயே சுசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் தரத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இப்போது பழைய கம்ப்யூட்டருக்கு மறுவாழ்வு தருவதற்காக லினக்ஸுக்கு வருபவர்கள் பலர். அவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் கதவு இந்த பெர்மிஷன்தான். அதைப் பொறுமையாகத் திறந்து பார்ப்போம்.

(கட்டளைகளை இக்கட்டுரையில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்து எழுத்தாகவும் சொல்லியிருக்கிறோம்.)

முதலில் பிழைச் செய்தியைப் படியுங்கள்

பிழைச் செய்தி வந்ததும் பலர் அதைப் படிக்காமலே விண்டோவை மூடிவிடுகிறார்கள். அதில்தான் பாதி விடை இருக்கிறது. நெட்வொர்க் கட்டளைகளில் பெரும்பாலும் நான்கு வகைச் செய்திகள் வரும்.

1. கமாண்ட் நாட் ஃபவுண்ட்: அந்தப் புரோகிராம் நிறுவப்படவில்லை. அல்லது நிறுவியிருந்தும், லினக்ஸ் தேடும் போல்டர்களில் அது இல்லை. டெபியனில் நிர்வாகிக்கான சில கட்டளைகள் /யூஎஸ்ஆர்/எஸ்பின் என்ற போல்டரில் இருக்கும். சாதாரண யூசருக்கு அங்கே தேடும் வழக்கம் கிடையாது. முழு முகவரியைக் கொடுத்தால் ஓடும்.

2. பெர்மிஷன் டினைட்: ஒரு பைலைப் படிக்கவோ எழுதவோ இயக்கவோ உங்களுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலும் இது பைல் பெர்மிஷன் சம்பந்தப்பட்டது.

3. ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்: பைல் திறந்தது, புரோகிராமும் ஓடியது. ஆனால் அது செய்ய நினைத்த வேலைக்குத் தேவையான அதிகாரம் அதனிடம் இல்லை. அண்ணனுக்கு வந்தது இதுதான்.

4. நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள், டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் போன்றவை: இவற்றுக்கும் பெர்மிஷனுக்கும் சம்பந்தமே இல்லை. வயர், வைஃபை, ரூட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதுதான் எல்லா வம்புக்கும் காரணம். இரண்டாவதற்கான மருந்து மூன்றாவதைக் குணப்படுத்தாது.

பைல் பெர்மிஷன் என்றால் என்ன?

லினக்ஸில் ஒவ்வொரு பைலுக்கும் ஒரு உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. மற்ற எல்லோரும் மூன்றாவது வகை. இந்த மூன்று வகையினருக்கும் தனித்தனியாகப் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள் தரலாம். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பெண். மூன்றும் சேர்ந்தால் 7. படிக்கவும் இயக்கவும் மட்டும் என்றால் 5.

ஆக 755 என்றால், உரிமையாளருக்கு எல்லா அனுமதியும் உண்டு. குழுவினரும் மற்றவர்களும் படிக்கலாம், இயக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. பெரும்பாலான புரோகிராம் பைல்கள் இப்படித்தான் இருக்கும். 644 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். உங்கள் லெட்டர், போட்டோ எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. 600 என்றால் உங்களைத் தவிர வேறு சாதாரண யூசர் யாரும் படிக்கக்கூட முடியாது.

சரி, பிங் புரோகிராம் பைல் எப்படி இருக்கிறது? டெர்மினலில்

எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/பிங்

என்று தட்டிப் பாருங்கள். (எல்எஸ் என்பது எல், எஸ் என்ற இரண்டே எழுத்து. பிறகு ஒரு இடைவெளி, கழித்தல் குறி, எல்.) வரியின் தொடக்கத்தில் ஆர், டபிள்யூ, எக்ஸ் எழுத்துகள் மூன்று மூன்றாக வரும். ஆர் என்றால் படிக்க, டபிள்யூ என்றால் எழுத, எக்ஸ் என்றால் இயக்க. பிங் பைலுக்கு வழக்கமாக 755தான் இருக்கும். அதாவது யார் வேண்டுமானாலும் அதை இயக்கலாம். அண்ணன் கம்ப்யூட்டரிலும் அப்படியே இருந்தது. பைல் பெர்மிஷனில் குறை ஒன்றும் இல்லை! அப்புறம் எது தடுத்தது?

காசிமேடும் பிங்கும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருப்பவர்களைக் கேட்டால் எக்கோ சவுண்டர் பற்றிச் சொல்வார்கள். படகின் அடியிலிருந்து ஒரு ஒலி கடலுக்குள் போகும். அடித்தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பும். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம்.

பிங் கட்டளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் "பிங்" என்ற ஓசையே பெயராயிற்று. சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் தொடங்கப்பட்டதும் அதே 1983-இல்தான்!

பிங் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும்.

இதில் ஒரு சிக்கல். உங்கள் பிரவுசர் ஒரு வெப் பக்கத்தைக் கேட்கும்போது, தபாலின் மேலுறையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் எழுதுகிறது. பிரவுசர் உள்ளே இருக்கும் விஷயத்தை மட்டும் தருகிறது. ஆனால் பிங் பழைய முறைப்படி தன் பொட்டலத்தைத் தானே கட்டுகிறது. இதற்கு ரா சாக்கெட் என்று பெயர். "ரா" என்றால் பச்சையான, சமைக்காத என்று பொருள். இந்த வசதி ஒரு கெட்ட புரோகிராமிடம் போனால், அது மேலுறையில் பொய்யான அனுப்புநர் முகவரி எழுதலாம். உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் மற்ற புரோகிராம்களின் பொட்டலங்களையும் எட்டிப் பார்க்கலாம். அதனால் இதை எல்லாப் புரோகிராமுக்கும் தருவதில்லை. ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள்.

ஆனால் நெட் வேலை செய்கிறதா என்று பார்க்க சாதாரண ஆளுக்கும் பிங் வேண்டுமே? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

அதிகாரியின் சட்டை: செட்யூஐடி

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி 1970-களில் கொண்டுவந்த யோசனை இது. 1979-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு புரோகிராம் பைலில் செட்யூஐடி என்ற குறியைப் போட்டுவிட்டால், யார் அதை இயக்கினாலும் அது பைலின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு ஓடும். உரிமையாளர் ரூட் என்றால், ரூட்டின் முழு அதிகாரமும் கிடைக்கும்.

துறைமுகத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். உள்ளே போக வேண்டிய ஒரு டிரைவருக்குத் துறைமுகத்தின் பெரிய அதிகாரியுடைய சட்டையையே மாட்டி அனுப்புவது போன்றது இது. கேட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள். அவர் போக வேண்டியது ஒரு யார்டுக்கு மட்டும்தான். ஆனால் அந்தச் சட்டையோடு கப்பலுக்குள்ளும் போகலாம், கிடங்கையும் திறக்கலாம், கணக்கு அறைக்கும் போகலாம். டிரைவர் நல்லவராக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. புரோகிராமில் ஒரு ஓட்டை இருந்து, அதன் வழியாக ஒரு திருடன் நுழைந்துவிட்டால்? சட்டை அவன் கைக்குப் போய்விடும்.

செட்யூஐடி உள்ள பைலை எல்எஸ் -எல் மூலம் பார்த்தால், முதல் மூன்று எழுத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் எஸ் என்று வரும். எண்ணில் சொன்னால் 4755. முன்னால் இருக்கும் அந்த 4தான் சட்டை. சூடோ, பாஸ்வேர்டு மாற்றும் பாஸ்டபிள்யூடி போன்றவை இன்றும் இந்த முறையில்தான் ஓடுகின்றன.

ஒரு கேட்டுக்கு ஒரு பாஸ்: கேப்பபிலிட்டி

முழுச் சட்டை எதற்கு, அந்த ஒரு கேட்டுக்கு மட்டும் பாஸ் கொடுத்தால் போதாதா? இந்த எண்ணத்தில் வந்ததுதான் கேப்பபிலிட்டி. ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். 1999-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 2.2-இல் இது தொடங்கியது. அந்தப் பாஸை ஒரு பைலோடு ஒட்டிவைக்கும் வசதி 2008 ஜனவரியில் வந்த 2.6.24-இல் சேர்ந்தது. இன்று சுமார் 40 கேப்பபிலிட்டிகள் இருக்கின்றன. நெட்வொர்க் வேலைக்கு முக்கியமானவை மூன்று.

கேப் நெட் ரா: ரா சாக்கெட் திறக்கலாம், பொட்டலங்களைப் பார்க்கலாம். பிங்குக்கு வேண்டியது இது.

கேப் நெட் அட்மின்: நெட்வொர்க் கார்டின் ஐபி முகவரி, ரூட், ஃபயர்வால் ஆகியவற்றை மாற்றலாம். இது பெரிய பாஸ். யோசித்துத் தர வேண்டும்.

கேப் நெட் பைண்ட் சர்வீஸ்: 1024-க்குக் கீழே உள்ள போர்ட் எண்களில் உட்காரலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வெப் சர்வரை 80-ஆம் போர்ட்டில் ஓட்டிப் பழக நினைப்பவர்களுக்கு இது தேவைப்படும்.

டைப் செய்யும்போது இந்தப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் அடிக்கோடு போட வேண்டும். "ரா" என்பது ஆர், ஏ, டபிள்யூ.

பாஸ் எங்கே தொலைகிறது?

இப்போது அண்ணன் கம்ப்யூட்டருக்கு வருவோம். டெபியன் 12-இல் பிங் நிறுவப்படும்போது அதோடு கேப் நெட் ரா பாஸும் ஒட்டப்படுகிறது. பிறகு ஏன் "அனுமதி இல்லை" வந்தது? எஸ்எஸ்டிக்கு மாற்றியதுதான் காரணம்!

கேப்பபிலிட்டி பைலின் உள்ளேயும் இல்லை, அந்த 755 என்ற எண்ணிலும் இல்லை. பைலோடு தனியாக ஒட்டிய ஒரு சீட்டு போல, விரிவுப் பண்பு என்ற இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் ஆர்சிங்க் என்ற புரோகிராமால் காப்பி செய்திருந்தார். அதன் வழக்கமான -ஏ ஆப்ஷன் பெர்மிஷன் எண்களையும் செட்யூஐடியையும் பத்திரமாகக் கொண்டுபோகும். அதனால் சூடோ வேலை செய்தது. ஆனால் ஒட்டிய சீட்டைக் கொண்டுபோகாது. அதற்குப் பெரிய எக்ஸ் எழுத்து ஆப்ஷனையும் சேர்த்துத் தர வேண்டும். டார் மூலம் பேக்கப் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். அதில் எக்ஸ்ஆட்ர்ஸ் ஆப்ஷன் தேவை. (இரண்டு கழித்தல் குறி, பிறகு எக்ஸ், ஏ, டி, டி, ஆர், எஸ்.) அந்த ஆப்ஷனை பேக்கப் எடுக்கும்போது தர வேண்டும். திரும்ப விரிக்கும்போது அது மட்டும் போதாது.

பாஸ் தொலையும் வேறு வழிகளும் உண்டு.

* பைலின் உரிமையாளரை சவுன் (சி, எச், ஓ, டபிள்யூ, என்) கட்டளையால் மாற்றினால், செட்யூஐடியும் கேப்பபிலிட்டியும் கழன்றுவிடும். இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்டது.

* பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 முறையில் இந்த பெர்மிஷன்களைச் சேமிக்க இடமே கிடையாது. ஒரு புரோகிராமைப் பென் டிரைவுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் போய்விடும்.

* ஒரு டிஸ்க்கை "நோசூட்" (என், ஓ, எஸ், யு, ஐ, டி) என்ற ஆப்ஷனோடு மவுன்ட் செய்திருந்தால், பாஸ் இருந்தும் செல்லாது.

இன்னொரு முக்கியமான விஷயம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் பிங்குக்குப் பாஸே கிடையாது! ரா சாக்கெட் இல்லாமல் பிங் அனுப்பும் புது வழி கெர்னலில் இருக்கிறது. எந்தக் குழுவினருக்கு அந்த வழி திறந்திருக்கும் என்பதை "பிங் குரூப் ரேஞ்ச்" என்ற செட்டிங் முடிவு செய்கிறது. அதைச் சரியாக வைப்பது லினக்ஸ்-சிஸ்சிடிஎல்-டிஃபால்ட்ஸ் என்ற சிறு பேக்கேஜ். 12-இலிருந்து 13-க்கு மாறும்போது அந்தப் பேக்கேஜ் நிறுவப்படாமல் போயிருந்தால் பிங் மறுக்கப்படலாம். ஆகவே டெபியன் 13 வைத்திருப்பவர்கள் "பாஸைக் காணோமே" என்று பதற வேண்டாம். அந்தப் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

படிப்படியாகச் சரி செய்வோம்

படி 1: பிங் கட்டளையைச் சாதாரணமாகப் போடவும். பிறகு அதையே முன்னால் சூடோ (எஸ், யு, டி, ஓ) சேர்த்துப் போடவும். சூடோவோடு ஓடி, தனியாக ஓடவில்லை என்றால் பிரச்சினை அனுமதியில்தான். இரண்டிலும் ஒரே மாதிரி தோல்வி என்றால் நெட்வொர்க்கைப் பார்க்கவும்.

படி 2: எல்எஸ் -எல் மூலம் பிங் பைலின் எழுத்துகளைப் பார்க்கவும். உரிமையாளர் ரூட் ஆகவும், மூன்று வகையினருக்கும் எக்ஸ் (அல்லது முதலில் எஸ்) ஆகவும் இருக்க வேண்டும்.

படி 3: பாஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க,

/யூஎஸ்ஆர்/எஸ்பின்/கெட்கேப் /யூஎஸ்ஆர்/பின்/பிங்

என்று தட்டவும். (ஜி, இ, டி, சி, ஏ, பி.) பாஸ் இருந்தால் கேப் நெட் ரா என்ற பெயர் வரும். வெற்று வரி வந்தால் பாஸ் இல்லை. டெபியன் 12-இல் வெற்று வரியும், எல்எஸ்ஸில் எஸ் எழுத்து இல்லாமையும் சேர்ந்து வந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. கட்டளையே இல்லை என்று வந்தால் லிப்கேப்2-பின் என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்ளவும்.

படி 4: சிறந்த வழி, பிங் உள்ள பேக்கேஜை மறுபடி நிறுவுவது.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் ஐபியூடில்ஸ்-பிங்

(கடைசிப் பெயரில் ஐ, பி, யு, டி, ஐ, எல், எஸ் வரும்.) நிறுவும்போது எந்தப் பாஸ் வேண்டுமோ அதை அதுவே ஒட்டிவிடும். நீங்கள் எண் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நெட் சுத்தமாக இல்லாதபோது மட்டும், கையால் ஒட்டலாம்.

சூடோ செட்கேப் கேப்_நெட்_ரா+ஈபி /யூஎஸ்ஆர்/பின்/பிங்

இதில் ஈ என்பது அதிகாரம் உடனே நடைமுறைக்கு வரும் என்பதையும், பி என்பது அந்த அதிகாரம் அனுமதிக்கப்பட்டது என்பதையும் குறிக்கின்றன.

வயர்ஷார்க் பயன்படுத்துபவர்களுக்கு

நெட்வொர்க் படிக்கும் கல்லூரி மாணவர்கள் வீட்டிலுள்ள கம்ப்யூட்டரில் வயர்ஷார்க் போடுவது வழக்கம். 1998-இல் எதீரியல் என்ற பெயரில் வெளிவந்து, 2006-இல் பெயர் மாறிய புரோகிராம் இது. திறந்தவுடன் "பிடிக்க நெட்வொர்க் எதுவும் இல்லை" என்பதுபோலக் காட்டும். உடனே பலர் சூடோ போட்டு வயர்ஷார்க்கை ரூட்டாக ஓட்டுகிறார்கள். இது தவறு. வெளியிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான வகைப் பொட்டலங்களைப் பிரித்துப் படிக்கும் பெரிய புரோகிராம் அது. அதில் ஒரு ஓட்டை இருந்தால் முழுக் கம்ப்யூட்டரும் போச்சு.

உண்மையில் பொட்டலத்தைப் பிடிப்பது டம்ப்கேப் என்ற சிறு புரோகிராம் மட்டும்தான். அதற்கு மட்டும் பாஸ் கொடுத்தால் போதும். டெபியன் வகை லினக்ஸில்

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் வயர்ஷார்க்-காமன்

என்று தட்டினால், "ரூட் அல்லாதவர்களும் பிடிக்கலாமா?" என்று கேட்கும். ஆம் என்று சொல்லவும். பிறகு உங்கள் யூசர் பெயரை வயர்ஷார்க் என்ற குழுவில் சேர்க்கவும். சேர்த்ததும் லாக் அவுட் செய்து மறுபடி லாக் இன் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு "சேர்த்தும் வேலை செய்யவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். குழு மாற்றம் புதிதாக லாக் இன் செய்யும்போதுதான் நடைமுறைக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் பழகவும். அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதியின்றி நுழைவதும் தகவலை எடுப்பதும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. நீங்களே பைத்தானில் ஒரு நெட்வொர்க் புரோகிராம் எழுதியிருந்தால், அந்த பைலுக்கு செட்கேப் போட்டுப் பயனில்லை. அதை ஓட்டுவது பைத்தான் என்ற வேறு புரோகிராம். அதற்காகப் பைத்தானுக்கே பாஸ் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொரு பைத்தான் புரோகிராமுக்கும் அந்தப் பாஸ் கிடைத்துவிடும். அந்த ஒரு முறைக்கு மட்டும் சூடோ போட்டு ஓட்டுவதே மேல்.

777: எல்லாக் கேட்டையும் கழற்றிப்போடும் வைத்தியம்

சமோட் (சி, எச், எம், ஓ, டி) என்ற கட்டளை பெர்மிஷனை மாற்றுவது. 777 என்றால் எல்லோரும் எல்லாமும் செய்யலாம். பெரிய ஆர் ஆப்ஷனோடு ஒரு போல்டருக்குப் போட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பைலும் அப்படி ஆகிவிடும். அண்ணன் இதை /யூஎஸ்ஆர் போல்டருக்குப் போட்டார். என்ன நடந்தது?

பிங் ஏற்கெனவே எல்லோரும் இயக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அதனால் 777 அதற்கு எதையும் புதிதாகத் தரவில்லை. தொலைந்தது பாஸ், அதை 777 கொண்டுவராது.

ஆனால் சூடோவுக்கு இருந்த 4755 என்ற எண், 777 ஆகிவிட்டது. முன்னால் இருந்த 4 போய்விட்டது. அதிகாரியின் சட்டை கழன்றுவிட்டது! அதன் பிறகு சூடோ போட்டால், "என் உரிமையாளர் ரூட் ஆகவும், செட்யூஐடி குறி இருக்கவும் வேண்டும்" என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வரும். சூ, பாஸ்டபிள்யூடி எல்லாவற்றுக்கும் இதே கதி. சூடோவைச் சரி செய்ய ரூட் அதிகாரம் வேண்டும். ரூட் அதிகாரம் பெற சூடோ வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. போதாததற்கு, யார் வேண்டுமானாலும் எந்தப் புரோகிராமையும் மாற்றி எழுதலாம் என்ற ஆபத்தும் சேர்ந்தது.

இந்த நிலைக்கு வந்தவர்கள் பயப்பட வேண்டாம். லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றில் கம்ப்யூட்டரை பூட் செய்யவும். அதில் நீங்கள்தான் நிர்வாகி. முதல் வேலையாக, உங்கள் ஹோம் போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்யவும். உங்கள் பைல்கள் எங்கும் போகவில்லை, அப்படியே இருக்கும். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. சூடோ பைலுக்கு மட்டும் 4755 போடுவது போதாமல் போகலாம். ஆயிரக்கணக்கான பைல்களின் எண்கள் மாறியிருக்கும்போது ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, லினக்ஸைப் புதிதாக நிறுவி ஹோம் போல்டரைத் திரும்ப வைப்பதே பாதுகாப்பு. நாங்கள் அதைத்தான் செய்தோம். பில்கள் அத்தனையும் கிடைத்தன. ஆனால் இரண்டு நாள் போயிற்று. லாரிக்காரர்களிடம் அண்ணன் வாங்கிய பேச்சு தனி.

பிங் ஓடியது, அடுத்து?

புது லினக்ஸில் பிங் உடனே ஓடியது. வரிசையாக மூன்று பிங் போட்டோம். நீங்களும் இதையே செய்யலாம். (ஓடும் பிங்கை நிறுத்த கன்ட்ரோல் கீயோடு சி கீயை அழுத்தவும்.)

முதலில் ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். பதில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்தான்: வயர், வைஃபை அல்லது ரூட்டர்.

இரண்டாவதாக 8.8.8.8. இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். ரூட்டர் பதில் தந்து, இது தரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு ரூட்டருக்கு வெளியே. கம்பெனிக்குப் புகார் தரலாம்.

மூன்றாவதாக ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

எங்களுக்கு முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதற்கு வரவில்லை! நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 என்று போட்டோம். பக்கங்கள் திறந்தன. இரண்டு நாள் அவஸ்தைக்குக் காரணமான கோளாறு, இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. முதல் நாளே பிங் ஓடியிருந்தால், அந்தப் பெண் போனிலேயே சொல்லி முடித்திருப்பார்.

நினைவில் வைக்க

* பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். "பெர்மிஷன் டினைட்" வேறு, "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வேறு.

* சிஸ்டம் போல்டர் எதற்கும் 777 போடாதீர்கள். யார் சொன்னாலும்.

* பாஸ் தொலைந்தால் முதலில் அந்தப் பேக்கேஜை மறுபடி நிறுவிப் பாருங்கள்.

* டிஸ்க் மாற்றும் முன், கெட்கேப் -ஆர் / என்று சூடோவோடு போட்டு, எந்தெந்தப் புரோகிராமுக்குப் பாஸ் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். மாற்றிய பின் ஒப்பிட்டுப் பாருங்கள்.

* வாரம் ஒருமுறை ஹோம் போல்டரை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள்.

கம்ப்யூட்டர் "முடியாது" என்று சொல்லும்போது அது உங்களை அவமதிக்கவில்லை. கேட்டில் நிற்கும் காவலாளி போல, "பாஸ் எங்கே?" என்று கேட்கிறது, அவ்வளவுதான். சரியான பாஸைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். கேட்டை உடைக்க வேண்டாம்!